அலர்ஜி மருந்தும் பொட்டாசியம் குளிசையும் – சேர்த்து எடுக்கலாமா?



இந்த முறை நமது சுகாதாரப் பாடம் இரண்டு குளிசைகளைப் பற்றியது. ஒன்று, தும்மலுக்கும் அரிப்புக்கும் நாம் எல்லோரும் போடுகிற பிரிட்டன். மற்றது, இருதயக் கிளினிக்குக்கும் பிரஷர் கிளினிக்குக்கும் போகிறவர்களில் சிலருக்குக் கொடுக்கப்படும் பொட்டாசியம் குளிசை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்ல மருந்துகள். இரண்டும் ஒரே வயிற்றுக்குள் போகும்போது சிலருக்குத் தொல்லை வரலாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்தப் பாடத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு லயத்து வீட்டை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். இது உண்மையில் நடந்த கதை அல்ல. ஆனால் எந்தத் தோட்டத்திலும் நடக்கக்கூடியது.

அந்த வீட்டில் ஒரு அப்பாயி. வயது 68. முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து, அதனால் இருதயத்தின் வால்வு ஒன்று பழுதாகிவிட்டது. மாதம் ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய் மருந்து எடுக்கிறார். கால் வீக்கத்துக்கு "தண்ணி போற குளிசை", அதோடு காலையும் இரவும் ஒரு பொட்டாசியம் குளிசை. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி வரும் என்பதால், போகிற நாளில் கடையில் ஒரு வாந்திக் குளிசையும் வாங்கிப் போட்டுக்கொள்வார். போன மாதம் இரவில் அரிப்புத் தாங்கவில்லை. பேரன் ஸ்டோரில் வேலை. தேயிலைத் தூசிக்குத் தும்மல் வருகிறதென்று அவனுக்கு டிஸ்பென்சரியில் பிரிட்டன் கொடுத்திருந்தார்கள். அதை அவன் அப்பாயிக்கும் கொடுத்தான். அன்பாகத்தான் கொடுத்தான்.

இரண்டு வாரம் கழித்து மருமகள் மாமியாரை டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாள்.

"என்னம்மா பண்ணுது?"

"சோறு எறங்க மாட்டேங்குதுங்க ஐயா. முழுங்குனா நடு நெஞ்சுல முள்ளு குத்துற மாதிரி வலிக்குது. வாய்வுன்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சேன், கேக்கல."

"எத்தன நாளா?"

"அஞ்சாறு நாளாங்க."

"கிளினிக் மருந்தெல்லாம் ஒழுங்கா போடுறீங்களா?"

"அதெல்லாம் ஒன்னு விடாம போடுறேங்க."

மருமகள் கையோடு கொண்டுவந்த பையை மேசையில் கொட்டுகிறாள். கடதாசி உறைகள், வெள்ளித்தாள் அட்டைகள், எல்லாம் கலந்து கிடக்கின்றன. டிஸ்பென்சர் ஐயா ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

"இந்தப் பிரிட்டன் யாருக்கு?"

"எங்க மகனுக்குக் குடுத்ததுங்க. அத்தைக்கு அரிப்புத் தாங்கலன்னு, பகல்ல ஒன்னு, ராத்திரி ரெண்டுன்னு குடுத்தான்."

"ராத்திரி மருந்த எப்படிம்மா போடுறீங்க?"

"படுக்கப் போறப்ப எல்லாத்தையும் ஒன்னா வாயில போட்டு, ஒரு மொடக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்துருவேங்க."

"ஒரு கிளாஸ் தண்ணி குடிக்கிறதில்லையா?"

"குடிச்சா ராத்திரி வெளிய போகணுமுங்களே. கக்கூசு எங்க இருக்கு, லயம் எங்க இருக்கு. இருட்டு வேற, குளிரு வேற..."

ஐயா ஒன்றும் திட்டவில்லை. ஒரு துண்டு எழுதி, "அடுத்த வேளைப் பொட்டாசியம் குளிசையப் போடாதீங்க. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. இந்தப் பையையும் அப்படியே கொண்டு போங்க" என்று அனுப்பிவைத்தார். ஆஸ்பத்திரியில் கமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தபோது, உணவுக்குழாயில் ஒரு புண் இருந்தது.

பிரிட்டன் விஷமா? இல்லை. பொட்டாசியம் விஷமா? அதுவும் இல்லை. பிறகு புண் எங்கிருந்து வந்தது?

உரம் போட்டவர்களுக்குத் தெரிந்த விஷயம்

பொட்டாசியம் என்பது ஒரு உப்புச் சத்து. நமது தசைகள் சுருங்குவதற்கும், நரம்புகள் வேலை செய்வதற்கும், முக்கியமாக இருதயம் தாளம் தப்பாமல் துடிப்பதற்கும் அது வேண்டும். இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மிகவும் குறைந்தாலும் ஆபத்து, மிகவும் கூடினாலும் ஆபத்து. புரூசமைட் (லாசிக்ஸ்) போன்ற தண்ணீர் போகச் செய்யும் குளிசைகள், கால் வீக்கத்து நீரை வெளியேற்றும்போது பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியே அனுப்பிவிடும். போனதை ஈடு செய்யத்தான் பொட்டாசியம் குளிசை.

அந்தக் குளிசைக்குள் இருப்பது பொட்டாசியம் குளோரைட். பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் உங்களுக்குப் புதிதல்ல. தேயிலைக்குப் போடுகிற கலவை உரத்தில் "மியூரேட் ஒப் பொட்டாஷ்" என்று ஒன்று சேர்ப்பார்களே, அதுவும் பொட்டாசியம் குளோரைட்தான். (அதற்காக யாரும் உர மூட்டையில் கை வைத்து வாயில் போட்டுவிடாதீர்கள். அது மனிதர் சாப்பிடுவதற்குச் சுத்தம் செய்யப்பட்டதல்ல.)

உரம் போட்டவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். உரத்தைப் பரவலாகத் தூவி, மழையும் பெய்தால் மரம் செழிக்கும். அதே உரம் மூட்டை கிழிந்து ஒரு செடியின் அடியில் குவியலாக விழுந்து கிடந்தால், அந்தச் செடி கருகிப் போகும். உரம் கெட்ட உரமா? இல்லை. ஒரே இடத்தில் கிடந்ததுதான் பிழை.

பொட்டாசியம் குளிசை வயிற்றுக்குள் செய்வதும் இதுதான். 600 மில்லிகிராம் குளிசை ஒன்றில் இருக்கிற பொட்டாசியம் 310 மில்லிகிராம் அளவுதான். 100 கிராம் வாழைப்பழத்தில் 350 மில்லிகிராம் அளவு இருக்கிறது. வாழைப்பழம் தின்று யாருக்கும் குடலில் புண் வருவதில்லை. ஏனென்றால் பழத்தில் அது தண்ணீரோடும் நாரோடும் பரந்து கிடக்கிறது. குளிசையிலோ, கடலை அளவு இடத்தில் அவ்வளவும் நெருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. குளிசை நகர்ந்துகொண்டே இருந்தால் உப்புக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடங்களில் கரையும். ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டால், அந்த இடத்துச் சதையில் காரமான உப்புக் கரைசல் தேங்கி, சதை வெந்து புண்ணாகும்.

இதை வைத்திய உலகம் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1960களில் வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி உறை போட்ட பொட்டாசியம் குளிசைகள் விற்பனையில் இருந்தன. அவை சிறுகுடலில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கரைந்தன. பலருக்குக் குடலில் புண் வந்தது, சிலருக்குக் குடல் சுருங்கி அடைத்தது, ஓட்டை விழுந்து ஒப்பரேஷன் வரை போனவர்களும் உண்டு. 1964ஆம் ஆண்டு தொடக்கம் வைத்தியப் பத்திரிகைகளில் இது பற்றிய அறிக்கைகள் வந்தன. அதன் பிறகுதான் உப்பை மெழுகுக்குள் பொதிந்து, பல மணித்தியாலம் மெதுவாகக் கசியும்படி செய்த குளிசைகள் பரவலாகின. இவை முந்தியதைவிட எவ்வளவோ பாதுகாப்பானவை. ஆனால் ஒரு நிபந்தனை: குளிசை நகர வேண்டும்.

பிரிட்டன் வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

பிரிட்டன் என்பது கம்பனிப் பெயர். மருந்தின் பெயர் குளோர்பெனிரமின். அரிப்பையும் தும்மலையும் உண்டாக்குகிற ஹிஸ்டமின் என்ற பொருளை அது தடுக்கிறது. அத்தோடு நின்றால் பரவாயில்லை. அது பழைய காலத்து மருந்து. இன்னொரு வேலையும் செய்யும். வாயில் எச்சில் ஊறு, குடலே அசை, சிறுநீர்ப்பையே சுருங்கு என்று நரம்புகள் அனுப்புகிற கட்டளையையும் அது ஓரளவு மறித்துவிடுகிறது. பிரிட்டன் போட்ட அன்று நாக்கு வறண்டு, மறுநாள் மலம் இறுகிப் போவதை நீங்களே கவனித்திருப்பீர்கள். தூக்கம் வருவதை மட்டும் நாம் பெரிதாகப் பேசுகிறோம். வாய் வறள்வது ஒரு அடையாளம். மேலே வறண்டிருந்தால், கீழே குடலும் சோம்பலாகத்தான் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அப்பாயியின் இரவைத் திரும்பப் பாருங்கள். வாய் வறண்டிருக்கிறது. ஒரு மிடறு தேத்தண்ணிதான் குடித்தார். உடனே படுத்துவிட்டார். உணவுக்குழாய் மெதுவாக அசைகிறது. இன்னொரு விஷயமும் இருக்கிறது: இருதயத்தின் இடது மேல் அறை உணவுக்குழாய்க்கு நேர் முன்னால் அமைந்துள்ளது. வால்வு பழுதாகி அந்த அறை வீங்கியவர்களுக்கு, அது உணவுக்குழாயைப் பின்னால் அழுத்தும். வழி ஏற்கெனவே ஒடுக்கம். அந்த ஒடுக்கத்தில் குளிசை தங்கிவிட்டது. ஒரு நாள் தங்கினால் ஒன்றும் தெரியாது. நாள்தோறும் தங்கினால் புண்.

ஆகவே இந்த இரண்டு மருந்துகளும் இரத்தத்தில் சண்டை போடுவதில்லை. ஒன்று பாதையை மந்தமாக்குகிறது, மற்றது அந்தப் பாதையில் தேங்கிச் சுடுகிறது. 1982இல் இங்கிலாந்தின் லான்செட் என்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு பரிசோதனை வெளியானது. நோயில்லாத ஆட்களுக்குப் பொட்டாசியம் மருந்தோடு, குடலை மந்தமாக்கும் ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பிறகு குழாய் விட்டுப் பார்த்தார்கள். மெழுகுக் குளிசை எடுத்தவர்களில் பலருக்கு வயிற்றில் புண்கள் இருந்தன. ஆனால் அந்தப் புண்கள் வெளியே தெரியும்படி வலியைக் கொடுக்கவில்லை. "எனக்கு ஒன்னும் செய்யலையே" என்று நாம் சொல்வதை முழுவதும் நம்ப முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பயமுறுத்துவது நோக்கமல்ல. இரண்டையும் சேர்த்து எடுத்த பலருக்கு எந்தக் கெடுதியும் வருவதில்லை. ஒரு நாள் ஒரு பிரிட்டன் போட்டதால் குடல் ஓட்டையாகிவிடாது. வயது கூடக் கூட, பிரிட்டனின் எண்ணிக்கை கூடக் கூட, தண்ணீர் குறையக் குறைய ஆபத்து ஏறுகிறது. நீண்டகாலச் சீனி வியாதியால் வயிறு மந்தமானவர்களும், முன்பு அல்சர் வந்தவர்களும், விழுங்குவதற்குக் கஷ்டப்படுகிறவர்களும், படுக்கையில் கிடக்கிறவர்களும் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும்.

பிரிட்டன் மட்டுமா?

இல்லை. அதே குணமுள்ள மருந்துகள் வேறு பெயர்களில் நமது வீட்டுக்குள் வருகின்றன. பஸ் வாந்திக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் புரோமெத்தசின் (பினேகன்) இதே கூட்டம்தான். அப்பாயி கிளினிக் போகிற நாளில் போட்ட வாந்திக் குளிசையும் இதுவாக இருந்திருக்கலாம்! கடையில் வாங்குகிற சளி, இருமல் பாணிகள் பலவற்றில் குளோர்பெனிரமின் அல்லது டைபென்ஹைட்ரமின் கலந்திருக்கும். பாணிதானே என்று குடிப்போம், உள்ளே இருப்பது பிரிட்டனின் சொந்தக்காரன். வயிற்றுப் பிடிப்புக்கான ஹயோசின் (பஸ்கோபான்), சில நரம்பு வலிகளுக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் குடலை மந்தமாக்கும்.

புதிய அலர்ஜிக் குளிசைகளான லொரடடின், செடிரிசின், பெக்சோபெனடின் போன்றவை குடலை அவ்வளவாகத் தொடுவதில்லை. தூக்கமும் குறைவு. பொட்டாசியம் குளிசை எடுக்கிற ஒருவருக்கு அலர்ஜி மருந்து அவசியம் என்றால், வைத்தியர் பெரும்பாலும் இவற்றில் ஒன்றையே தெரிவு செய்வார். சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் செடிரிசின் போன்றவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரும். ஆகவே பக்கத்துக் காம்பராவில் கேட்டு வாங்கிப் போடாமல், டிஸ்பென்சரியிலோ கிளினிக்கிலோ கேட்டே எடுங்கள்.

மாற்றம் செய்யக்கூடிய இன்னொரு பக்கமும் உண்டு. பொட்டாசியத்தைக் குளிசையாகத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. பாணியாகவும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகையாகவும் இருக்கிறது. ருசி நன்றாக இருக்காது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் கரைந்த உப்பு ஒரே இடத்தில் தேங்காது. நிறையத் தண்ணீர் சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு, மெதுவாகக் குடிக்க வேண்டும்.

நமது அப்பாயிக்கு இரண்டுமே மாறின. பொட்டாசியம் பாணியாக மாறியது, காலையும் பகலும் மட்டும் குடிக்கும்படி சொன்னார்கள். இரவில் கக்கூசுக்குப் போகிற பயம் தீர்ந்தது. பிரிட்டன் நிறுத்தப்பட்டது. அரிப்புக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? டொக்டர் அப்பாயியின் கையைத் திருப்பி விரல் இடுக்கைப் பார்த்தார். பேரனின் கையையும் பார்த்தார். சொறி! ஒரே காம்பராவில் ஒரே போர்வையில் படுக்கிற குடும்பத்துக்கு, எத்தனை பிரிட்டன் போட்டாலும் சொறி போகாது. உடம்பு முழுவதும் பூசுகிற மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசி, துணிமணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்த பிறகுதான் அரிப்பு அடங்கியது. அதுவும் உடனே அல்ல, இரண்டு மூன்று வாரம் பிடித்தது. இரவில் கூடுகிற அரிப்பு, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வருகிற அரிப்பு என்றால் அலர்ஜி என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

குளவி கொட்டினால்?

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பாடத்தை வாசித்துவிட்டு, மலையில் குளவி கொட்டிய நேரத்தில் "நான் பொட்டாசியம் எடுக்கிற ஆள், எனக்குப் பிரிட்டன் வேண்டாம்" என்று யாரும் மறுத்து நிற்க வேண்டாம். குளவிக் கொட்டு நமது மலைகளில் உயிர் குடிக்கிற விஷயம். அந்த நேரத்தில் டிஸ்பென்சர் கொடுக்கிற மருந்தை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வேளை மருந்தால் வரக்கூடிய குடல் தொல்லையைவிடக் குளவி விஷம் பெரிது. பொட்டாசியம் எடுப்பதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், போதும்.

அதே நேரம் பிரிட்டனை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றி மயங்குவது, உடம்பெல்லாம் தடித்து வாந்தி எடுப்பது இவையெல்லாம் கடும் அலர்ஜியின் அடையாளங்கள். அப்போது உயிரைக் காப்பாற்றுவது அட்ரினலின் ஊசி. பிரிட்டன் குளிசை வேலை செய்யத் தொடங்குவதற்குள் காலம் கடந்துவிடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் தோட்டத்துப் பாதையில் அம்புலன்ஸ் ஏறி வரும்வரை காத்திருக்க முடியாது என்றால், லொறியோ ஓட்டோவோ கிடைத்த வாகனத்தில் ஆளைப் படுக்க வைத்து, மூச்சு விடக் கஷ்டப்பட்டால் சாய்த்து உட்கார வைத்து, ஆஸ்பத்திரிக்கு விரையுங்கள். நடக்க விடாதீர்கள்.

பொட்டாசியம் குளிசையைப் போடும் முறை

நிமிர்ந்து உட்கார்ந்தோ நின்றுகொண்டோ போட வேண்டும். சாப்பிட்ட பிறகு போட வேண்டும். ஒரு முழுக் கிளாஸ் தண்ணீர் குடிக்க வேண்டும். இருதய நோய்க்குத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், அந்த அளவுக்குள் இந்தக் கிளாஸையும் கணக்கு வையுங்கள். போட்ட பிறகு அரை மணித்தியாலமாவது படுக்கக் கூடாது. மலைக்குப் போகிற அவசரத்தில், பிரட்டுக் களத்துக்கு ஓடிக்கொண்டே வெறும் வாயில் விழுங்குவதும் தவறு. இரவு வேளை கஷ்டம் என்றால் அதைக் கிளினிக்கில் வாய் திறந்து சொல்லுங்கள். நேரத்தை மாற்றித் தருவார்கள். கக்கூசு தூரம் என்பதை ஒரு டொக்டர் தானாகக் கண்டுபிடிக்க முடியாது.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலி, சோறு தடைபடுவது, கடும் வயிற்று வலி, வயிறு ஊதிக்கொள்வது, விடாத வாந்தி, இரத்த வாந்தி, தார் போலக் கறுத்து ஒட்டுகிற மலம் – இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச் சத்துக் குளிசை எடுக்கிற பெண்களுக்கும் மலம் கறுப்பாகப் போகும். அது வேறு. தார் போல ஒட்டி, கெட்ட நாற்றம் அடித்தால் சும்மா இருக்காதீர்கள்.

உறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்து உறையில் எழுதியிருப்பது நமக்கு விளங்காத மொழியில், விளங்காத கையெழுத்தில் இருக்கிறது. அதைக் கொடுக்கிறவரிடம் "இது எதுக்குங்க?" என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்டு, வீட்டுக்கு வந்ததும் படிக்கிற பிள்ளையைக் கொண்டு உறையின் மேல் தமிழில் எழுதி வையுங்கள்: "தண்ணி போற குளிசை – காலை", "பொட்டாசியம் – காலை, பகல், நிறையத் தண்ணீர்". குளிசையின் நிறத்தை அடையாளமாக வைக்க வேண்டாம். கம்பனி மாறினால் நிறமும் மாறும். கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு, வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், கடைப் பாணிப் போத்தலையும் சேர்த்துப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். ஆஸ்பத்திரி டொக்டருக்குக் கிளினிக் மருந்து மட்டும்தான் தெரியும். கடையில் வாங்கியதும் பேரன் கொடுத்ததும் தெரியாது.

நீங்களாக நிறுத்த வேண்டாம்

"அப்படியானால் பொட்டாசியத்தை விட்டுவிடுகிறேன்" என்று யாராவது நினைக்கலாம். மேலே சொன்ன ஆபத்து அடையாளங்கள் இல்லாதபோது அப்படிச் செய்வது புண்ணைவிடப் பெரிய வினை. பொட்டாசியம் குறைந்தால் கால் சோர்ந்து, தசை பிடித்து, இருதயம் தாளம் தப்பும். மூச்சிழுப்புக்கு எடுக்கும் சல்பியூட்டமோல், அதோடு கொடுக்கும் பிரட்னிசலோன் ஆகியவையும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியவை. தண்ணீர்க் குளிசையோடு அவையும் சேர்ந்தால் இன்னும் கீழே போகும். 1990களில் தூக்கம் வராத புதிய அலர்ஜி மருந்துகள் என்று டெர்பெனடின், அஸ்டமிசோல் என்பவை புகழ் பெற்றிருந்தன. சிலருக்கு அவை இருதயத் துடிப்பைக் குழப்பின. பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. அமெரிக்காவில் முதலாவது 1998இலும் இரண்டாவது 1999இலும் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டன.

கூடுவதும் அதே அளவு ஆபத்து. எனலாபிரில், லோசார்ட்டன், ஸ்பைரனோலக்டோன் போன்ற பிரஷர், இருதய மருந்துகள் பொட்டாசியத்தை உடம்புக்குள் பிடித்து வைக்கும். அவற்றோடு பொட்டாசியம் குளிசையும் சேர்ந்தால் அளவு ஏறிவிடலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் வேகமாக ஏறும். அதனால்தான் கிளினிக்கில் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள். "ஒவ்வொரு முறையும் ரத்தத்த உறிஞ்சுறாங்க" என்று கோபித்துக்கொண்டு அந்த நாளில் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அந்த ஒரு சிறு குழாய் இரத்தம்தான் குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்கிறது.

சில கேள்விகள்

"காலையில் பொட்டாசியம், இரவில் பிரிட்டன் என்று பிரித்துப் போட்டால் சரிதானே?" – முழுக்கச் சரியாகாது. அரிப்புக் குறைகிற நேரம் நாலைந்து மணித்தியாலம்தான் என்றாலும், பிரிட்டன் உடம்பை விட்டுப் போக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கூட. நாள்தோறும் போட்டால் குடல் நாள் முழுவதும் மந்தம்தான். மருந்தை மாற்றுவதே நல்லது.

"குளிசைக்குப் பதிலாக வாழைப்பழமும் இளநீரும் சாப்பிட்டால் போதாதா?" – நல்ல சாப்பாடுதான். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கீரை, இளநீர் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. ஆனால் தண்ணீர்க் குளிசை பொட்டாசியத்தோடு குளோரைட்டையும் வெளியேற்றுகிறது. அந்தக் குளோரைட் பழத்தில் போதுமான அளவு இல்லை. டொக்டர் கொடுத்த குளிசைக்குப் பழம் ஈடாகாது. சிறுநீரக நோயாளிகளுக்கோ, இந்தச் சாப்பாட்டையே அளந்து சாப்பிடச் சொல்வார்கள்.

"அம்மாவுக்கு விழுங்க முடியவில்லை, இடித்துக் கொடுக்கலாமா?" – கூடவே கூடாது. மெழுகுக் குளிசையை இடித்தாலோ கடித்தாலோ, பல மணித்தியாலம் கசிய வேண்டிய உப்பு ஒரேயடியாக இறங்கிவிடும். மூட்டை கிழிந்த கதைதான். விழுங்க முடியாதவர்களுக்குப் பாணி கேளுங்கள்.

"குளிசை அப்படியே மலத்தோடு வெளியே வருகிறது. உடம்பில் சேரவில்லையா?" – சேர்ந்திருக்கிறது. வெளியே வந்தது வெறும் மெழுகுக் கூடு. உள்ளே இருந்த உப்பு வழியிலேயே கரைந்து உடம்புக்குள் போய்விட்டது. கூடு வந்தது என்று இன்னொரு குளிசை போட வேண்டாம். குச்சியால் கிளறி எண்ணிப் பார்க்கவும் தேவையில்லை.